மாவுக்கட்டுப் பவுடரில் ஒரு சுவர் அலங்காரம்! கோணாமல், விழாமல் மாட்டுவது எப்படி?

‘டமால்!’

ராத்திரி பதினொன்றரை மணி. தூக்கக் கலக்கத்தில் எழுந்து ஓடினேன். மகள் படுக்கும் அறையில் விளக்கைப் போட்டால்... தலையணை மேல் வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள். நாலு நாளைக்கு முன்னால் ஆசை ஆசையாகச் செய்து, அவள் கட்டிலுக்கு நேர் மேலே சுவரில் ஒட்டி வைத்த பிளாஸ்டர் தட்டு, மூன்று துண்டாகக் கிடந்தது. ஒவ்வொரு துண்டும் ஒரு செங்கல் சில்லு கனம்!

நல்லவேளை. அன்றைக்கு மட்டும், கதை கேட்கிறேன் என்று பாட்டி அறைக்குப் போன மகள், அங்கேயே தூங்கிவிட்டாள். இல்லாவிட்டால்...? நினைத்தாலே இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

‘அழகுக்குச் செய்த பொருள் ஆபத்தாகிவிடக் கூடாது’ என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். நான் பட்டதை நீங்களும் படவேண்டாமே! அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. கூடவே, இதில் ஒரு கையின் கதையும் இருக்கிறது.

கட்டிப் போட்ட கை

என் மாமியாருக்கு வயது 67. போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து, ஊன்றிய வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று, “அப்பாடா!” என்று எல்லோரும் பெருமூச்சு விட்டோம். ஆனால், உண்மையான கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

மணிக்கட்டு மடங்கவில்லை. விரல்களை முழுதாக மூட முடியவில்லை. தோசைத் திருப்பியைப் பிடித்தால் நழுவுகிறது. எல்லாவற்றையும் விட அத்தையை வாட்டியது ஒரு விஷயம்... தினமும் காலையில் பேத்திக்கு இரட்டைப் பின்னல் போட்டு விடுவது அவர்தான். அது முடியவில்லை.

“இனிமே இந்தக் கை எதுக்கும்மா? சும்மா உடம்புல ஒட்டிக்கிட்டு இருக்கு” என்பார்.

பிசியோதெரபி டாக்டர் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளைச் செய்யச் சொன்னால், இரண்டு நாள் செய்வார். மூன்றாம் நாள், “போதும்மா, வலிக்குது” என்று பந்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார். அவர் மேல் தப்பில்லை. சும்மா உட்கார்ந்து ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே இருப்பது யாருக்குத்தான் பிடிக்கும்?

அந்தச் சமயத்தில், பள்ளிக்கூடத்தில் ஏதோ கைவேலை செய்து வரச் சொன்னார்கள் என்று மகள் களிமண் உருண்டையோடு வந்து நின்றாள். “பாட்டி, இதைப் பிசைஞ்சு குடேன்!” என்று மடியில் போட்டாள். பேத்தி கேட்டால் பாட்டி மறுப்பாரா? பிசைந்தார். உருட்டினார். தட்டினார். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை!

மறுநாள் டாக்டரிடம் கேட்டேன். “ரொம்ப நல்லது. ஆனா நான் சொன்ன பயிற்சிக்குப் பதிலா இல்லே, அதுக்கு மேலே இது! வீக்கமோ, மரத்துப்போறதோ, வலி ராத்திரியிலும் நிக்காம இருந்தாலோ உடனே நிறுத்திட்டு வாங்க” என்றார்.

அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் வீட்டு பிளாஸ்டர் தட்டுகள். களிமண் வேலை முழுக்க அத்தையுடையது. பிளாஸ்டர் கலப்பது நான். வண்ணம் தீட்டுவது பேத்தி.

அதென்ன ‘பாரிஸ்’?

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது வேறொன்றுமில்லை... ஜிப்சம் என்ற கல்லைப் பொடித்து, சுமார் 150 டிகிரி வெப்பத்தில் வறுத்த பவுடர். வறுக்கும்போது கல்லுக்குள் இருக்கும் நீரில் முக்கால் பங்கு போய்விடும். மறுபடி தண்ணீர் ஊற்றினால், இழந்த நீரை ‘கப்’பென்று பிடித்துக்கொண்டு பழையபடி கல்லாகிவிடும். பாரிஸ் நகரின் மோன்மார்த் குன்றுப் பகுதியில் ஒரு காலத்தில் இந்தக் கல்லை நிறைய வெட்டி எடுத்ததால் அந்தப் பெயர். நம் நாட்டில் ஜிப்சம் அதிகம் கிடைப்பது ராஜஸ்தானில்.

எலும்பு முறிவுக்குப் போடுகிற மாவுக்கட்டும் இதே சரக்குதான். மெல்லிய துணியில் இந்தப் பவுடரைத் தடவி வைத்து, நனைத்துக் கட்டும் முறையை 1851-ல் கொண்டுவந்தவர் அன்டோனியஸ் மத்தைசன் என்ற டச்சு ராணுவ மருத்துவர். இதை அத்தையிடம் சொன்னபோது, “ஆறு வாரம் என் கையைக் கட்டிப் போட்டுச்சே... இப்ப அதை நான் கட்டி மேய்க்கிறேன் பாரு!” என்று சிரித்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் பார்த்த சிரிப்பு.

எங்கள் வீடு திருச்சியில். ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனால், “அங்கே கோபுரத்துல இருக்கிற பொம்மையெல்லாமும் இதுதானே?” என்று மகள் கேட்பாள். இல்லை. பழைய கோபுரச் சுதைச் சிற்பங்கள் சுண்ணாம்பில் செய்தவை. சுண்ணாம்பு, காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி இறுகும். மழை, வெயிலைத் தாங்கும். பிளாஸ்டர் அப்படியில்லை. தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதனால் வாசல் சுவர், மொட்டைமாடி, குளியலறைக்கெல்லாம் இது ஆகாது. வீட்டுக்குள்ளே, ஈரம் படாத சுவருக்கு மட்டும்தான்!

இலைத் தட்டு செய்வோமா?

அச்சு எதுவும் விலை கொடுத்து வாங்க வேண்டாம். இயற்கையே அச்சு! நரம்பு எடுப்பாகத் தெரியும் இலையாகப் பார்த்துப் பறியுங்கள். வெற்றிலை, அரச இலை, பூவரச இலை, பூசணி இலை எல்லாம் பிரமாதமாக வரும்.

தேவையான பொருட்கள்: களிமண் ஒன்றரை கிலோ (மண்பானை செய்கிறவர்களிடம் கேட்டால் கிடைக்கும்), பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அரை கிலோ (ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். கட்டி தட்டாத புதுப் பாக்கெட்டாக இருக்கட்டும்), தண்ணீர் 325 மில்லி, பழைய பிளாஸ்டிக் கிண்ணம், சப்பாத்திக் குழவி ஒன்று (இதற்கென்றே தனியாக!), ஒரே கனமுள்ள மரச்சட்டம் இரண்டு, காஸ் துணி அல்லது பிரித்தெடுத்த சணல் சாக்குத் துண்டு, பித்தளை அல்லது துத்தநாகப் பூச்சு உள்ள ஜி.ஐ. கம்பி, கையுறை, முகக் கவசம்.

களிமண் படுக்கை: மேஜை மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, நன்றாகப் பிசைந்த களிமண்ணை வையுங்கள். இருபுறமும் மரச்சட்டங்களை வைத்து, அவற்றின் மேல் குழவி ஓடுகிற மாதிரி தேயுங்கள். களிமண் ஒரே கனத்தில், மேடு பள்ளமில்லாமல் வரும். 20 சென்டிமீட்டர் அகலத்தில் வட்டமாக வெட்டிக் கொள்ளுங்கள்.

மேஜை மட்டமாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஒரு கோலிக்குண்டை வைத்தால் உருளக் கூடாது. ‘இதெல்லாம் எதுக்கு?’ என்று அலட்சியப்படுத்தாதீர்கள். மேஜை சாய்ந்திருந்தால், ஊற்றுகிற பிளாஸ்டர் ஒரு பக்கம் தடிமனாகவும் இன்னொரு பக்கம் மெல்லிசாகவும் உறையும். கனம் ஒரு பக்கம் கூடிப்போன தட்டு, சுவரில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டுதான் தொங்கும். கோணலின் முதல் காரணம் இதுதான்.

இலைப் பதிவு: இலையின் முதுகுப் பக்கம், அதாவது நரம்பு புடைத்திருக்கும் பக்கம், களிமண்ணில் படும்படி வைத்துக் குழவியால் ஒரே சீராக அழுத்துங்கள். காம்பைப் பிடித்து மெதுவாக இலையை உரித்து எடுத்துவிடுங்கள். சின்ன நரம்பு வரைக்கும் அச்சாகப் பதிந்திருக்கும்.

சுற்றுச்சுவர்: மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு களிமண் பட்டை தட்டி, வட்டத்தைச் சுற்றி நிறுத்துங்கள். வெளிப்பக்கம் சேரும் இடத்தை விரலால் பூசி அடைத்துவிடுங்கள். ஈரக் களிமண்ணில் பிளாஸ்டர் ஒட்டாது. அதனால் எண்ணெய் தடவ வேண்டியதில்லை. பிளாஸ்டிக் டப்பாவையோ மூடியையோ அச்சாக வைத்தால் மட்டும் மெல்லிசாக வாசலின் தடவுங்கள்.

கலப்பதில்தான் இருக்கு சூட்சுமம்!

நம் வீட்டில் பஜ்ஜி மாவுக்கு மாவைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவோம். இங்கே நேர் எதிர்! முதலில் தண்ணீர். அதன் மேல் பவுடரைக் கை நிறைய அள்ளி, சல்லடையில் சலிக்கிற மாதிரி பரவலாகத் தூவ வேண்டும். தண்ணீருக்கு மேலே பவுடர் சின்னச் சின்னத் தீவு மாதிரி நிற்கும் வரை தூவுங்கள். ஒன்றிரண்டு நிமிஷம் கையே வைக்காதீர்கள். தானாக ஊறட்டும். பிறகு, அடியோடு சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். முட்டை அடிக்கிற மாதிரி அடித்தால் காற்றுக் குமிழ் சேர்ந்து, தட்டு முழுக்க அம்மைத் தழும்பு விழுந்துவிடும்.

தோசை மாவை விடக் கொஞ்சம் தளர்வாக இருந்தால் சரியான பதம். கலக்கி முடித்ததிலிருந்து ஏழெட்டு நிமிஷம்தான் உங்கள் கையில். அதற்குள் ஊற்றிவிட வேண்டும். இறுக ஆரம்பித்த மாவில் மறுபடி தண்ணீர் விட்டு இளக்கினால், அது உறையும்... ஆனால் பலம் இருக்காது. தொட்டால் உதிரும்.

சுடுதண்ணீரும் உப்பும் சேர்ந்தால் சீக்கிரம் இறுகும். கொஞ்சம் வினிகர் விட்டால் தாமதமாகும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு வெறும் பச்சைத் தண்ணீரே போதும்.

பாதி மாவை ஊற்றி, மேஜையின் ஓரத்தை விரல் முட்டியால் தட்டுங்கள். குமிழெல்லாம் மேலே வந்து உடையும். இப்போது காஸ் துணியை நனைத்து மேலே பரப்பி, மீதி மாவையும் ஊற்றிவிடுங்கள். மொத்தத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் கனம் வரும். நடுவில் துணி இருப்பதால், எதிர்காலத்தில் விரிசல் விட்டாலும் துண்டு துண்டாகத் தலையில் விழாது. நாங்கள் முதலில் செய்த தட்டில் இந்தத் துணி இல்லை. மூன்று துண்டானதற்கு அதுவும் ஒரு காரணம்.

கொக்கி... அதுதான் உயிர்

ஒரு கொக்கி வைத்தால் தட்டு எப்போதும் ஆடும். கதவை அறைந்து சாத்தினாலே கோணும். இரண்டு வைத்தால் அசையாது.

பென்சிலில் சுற்றி, ‘ஓம’ விதைப் பொட்டலத்தின் முடிச்சு மாதிரி ஒரு சின்ன வளையமும் இரண்டு கால்களுமாகக் கம்பியை வளையுங்கள். கால்களை வெளிப்பக்கமாக விரித்து, நுனியைக் கொக்கி போல மடியுங்கள். நேராக விட்டால் இறுகிய பிளாஸ்டரிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். இதே மாதிரி இரண்டு.

மாவின் மேல் பளபளப்பு மங்கி, விரல் வைத்தால் தடம் பதிகிற சமயம்தான் கொக்கி பதிக்கும் நேரம். இலையின் காம்பு எந்தப் பக்கம் என்பதைச் சுற்றுச்சுவரில் முதலிலேயே ஒரு கோடு போட்டுக் குறித்து வைத்திருந்தால், எது மேல், எது கீழ் என்று குழம்ப வேண்டாம். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஐந்தைந்து சென்டிமீட்டர் தள்ளி, ஒரே மட்டத்தில் பதியுங்கள். கால்கள் முக்கால் சென்டிமீட்டர் உள்ளே போனால் போதும். அதற்கு மேல் போனால் முன்பக்கம் எட்டிப் பார்க்கும். பிறகு, கொஞ்சம் புது மாவில் தோய்த்த துணித் துண்டைக் கால்களின் மேல் ஒட்டுப் போட்டுவிடுங்கள். வளையம் மட்டும் வெளியே தெரிய வேண்டும்.

கட்டடத்துக்குக் கட்டுகிற கறுப்புக் கட்டுக்கம்பி, ஹேர்பின், குண்டூசியெல்லாம் வேண்டவே வேண்டாம். துருப்பிடித்து, தட்டில் காபிக் கறை மாதிரி படரும். துருவேற ஏற பிடிமானமும் போகும்.

அவசரம் வேண்டாம்!

அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரத்தில் தட்டு கல்லாகிவிடும். இடையில் தொட்டுப் பார்த்தால் கதகதவென்று சுடும். அது ஆறின பிறகு களிமண்ணை உரித்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் வாளித் தண்ணீரில் லேசாகத் தேய்த்துக் கழுவுங்கள். நரம்போடு ஓர் இலை எழுந்து நிற்கும்! அத்தை முதன்முதலில் அதைப் பார்த்துவிட்டு, இடது கையால் தன் வலது கையைத் தடவிக் கொடுத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

‘கெட்டியாகிவிட்டதே... காய்ந்துவிட்டது’ என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. நானும் செய்தேன். கணக்கைப் பாருங்கள். நாம் விட்ட 325 மில்லி தண்ணீரில் சுமார் 90 மில்லிதான் பவுடரோடு சேர்ந்து கல்லாகிறது. மீதி 230 மில்லி... ஒரு பெரிய டம்ளர் தண்ணீர்... தட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது! அது ஆவியாகி வெளியே வர ஒரு வாரமாவது ஆகும். மழைக்காலமென்றால் இன்னும் கூட. ஈரப் பிளாஸ்டருக்கு, காய்ந்த பிளாஸ்டரின் பலத்தில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். கனமோ அதிகம்!

காய்ந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபம். சமையலறைத் தராசில் தினமும் ஒரு தடவை எடை போட்டு, காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எடை குறையாமல் நின்றால், காய்ந்துவிட்டது என்று அர்த்தம். நாம் சொன்ன அளவுத் தட்டு, காய்ந்த பிறகு சுமார் 550 கிராம் நிற்கும். இன்னொரு வழி... கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் பாக்கி.

கம்பி வலை மேலோ, இரண்டு பென்சில்கள் மேலோ வைத்து, அடியிலும் காற்றுப் படும்படி நிழலில் உலர்த்துங்கள். சீக்கிரம் காய வேண்டுமென்று அடுப்பு மேலோ அவனிலோ வைத்தால், கல் மறுபடி பவுடர் குணத்துக்குத் திரும்பி உதிர ஆரம்பிக்கும்.

முழுதாகக் காய்ந்த பிறகே வண்ணம். ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து ஒரு கை பூசி, அது உலர்ந்ததும் அக்ரிலிக் கலர் தீட்டலாம். ஈரத்தோடு பூசினால் கலர் தோல் தோலாக உரியும். உள்ளே அடைபட்ட ஈரத்தில் பூஞ்சை வரும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் அது வேறு தொல்லை.

கொத்தனார் சொன்ன பாடம்

தட்டு விழுந்த மறுநாள், எங்கள் வீட்டுக்குச் சில்லறை வேலை செய்ய வரும் கொத்தனார் அண்ணனைக் கூப்பிட்டேன். உடைந்த துண்டைக் கையில் வாங்கி, எடை பார்க்கிற மாதிரி ஆட்டினார்.

“ஏங்கம்மா, இது இன்னும் பச்சை உடம்பு! ரெண்டு நாள்ல மாட்டிட்டீங்களா? அதுவும் ஸ்டிக்கர் கொக்கியில?” என்றார்.

சுவரில் ஒட்டுகிற கொக்கி, சுவரைப் பிடிப்பதில்லையாம். சுவரின் மேல் உள்ள டிஸ்டெம்பர் பூச்சைத்தான் பிடிக்கிறது. கனம் இழுக்க இழுக்க, பூச்சு வில்லையாகப் பெயர்ந்து கொக்கியோடு வந்துவிடும். எங்கள் வீட்டில் நடந்ததும் அதேதான். அவர் சொல்லிக் கொடுத்தபடி இப்போது நாங்கள் மாட்டுவது இப்படி:

தட்டின் பின்பக்கம் ஒரு காகிதத்தை வைத்து, வட்டத்தையும் இரண்டு வளையங்களின் இடத்தையும் வரைந்து வெட்டிக் கொள்ளுங்கள். சுவரில் அந்தக் காகிதத்தை டேப்பால் ஒட்டி, தள்ளி நின்று பாருங்கள். பின்பக்கத்தை வரைந்த காகிதம் என்பதால், எழுதின பக்கம் உங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் வலம் மாறிவிடும்! குறிகளின் மேல் ஊசியால் குத்தி வைத்திருந்தால், எந்தப் பக்கம் திருப்பினாலும் துளை தெரியும்.

நடுக்கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு நூலில் சாவியைக் கட்டித் தொங்க விடுங்கள். அதுதான் வீட்டுத் தூக்குக்குண்டு! நூலோடு நடுக்கோடு பொருந்தினால், இரண்டு துளைகளும் தானாக ஒரே மட்டத்தில் வந்துவிடும். ரசமட்டம் இருந்தால் இன்னும் நல்லது.

தட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால், நிற்கிறவர் கண்ணுக்கு நேராக அமையும். ரொம்ப உயரத்தில் மாட்டினால் அண்ணாந்து பார்க்க வேண்டும். அப்புறம் அதில் ஒட்டடையைத் தவிர வேறெதையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

குறித்த இடத்தில் டிரில்லிங் மெஷினால் 6 மில்லிமீட்டர் துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக்கைச் செருகி, ஸ்குருவை முடுக்குங்கள். சுவரைத் தட்டினால் ‘டொக் டொக்’கென்று வெற்றுச் சத்தம் வரும் இடத்தில் துளை போடாதீர்கள். அங்கே பூச்சு சுவரை விட்டு விலகியிருக்கிறது. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் கூடாது. உள்ளே ஒயர் போகும். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருந்தால் தண்ணீர்க் குழாய் ஜாக்கிரதை!

வளையம் பின்னால் துருத்திக்கொண்டிருப்பதால், தட்டின் மேல்பகுதி சுவரை விட்டு விலகி, முன்பக்கமாகக் குனிந்த மாதிரி தெரியும். பழைய ரப்பர் செருப்பில் வளையத்தின் கனத்துக்கே இரண்டு பொட்டு வெட்டி, தட்டின் கீழ் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். குனிவது நிற்கும். சுவரில் கீறல் விழாது. பின்னால் காற்றும் ஓடும்.

மாட்டின பிறகு, கீழே ஒரு தலையணையைப் போட்டுவிட்டு, தட்டை மெல்ல கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள். அசையவில்லையா? பாஸ்! அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இப்படிச் சோதித்தால் போதும்.

ஒன்று மட்டும் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். கட்டில், தொட்டில், படிக்கிற மேஜை, சோபா... தலை இருக்கிற எந்த இடத்துக்கும் நேர் மேலே கனமான பொருள் எதுவும் வேண்டாம். எவ்வளவு கெட்டியாக மாட்டினாலும் சரி!

இதிலெல்லாம் கவனம்!

* கையையோ காலையோ பிளாஸ்டருக்குள் முக்கி அச்சு எடுக்கவே கூடாது. கனமாக ஊற்றிய பிளாஸ்டர் இறுகும்போது சூடு 60 டிகிரிக்குப் போய்விடும். இறுகின பிறகு கையை உருவவும் முடியாது. 2007-ல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி, கை அச்சு எடுப்பதற்காகப் பிளாஸ்டருக்குள் கைகளை வைத்து, எட்டு விரல்களை இழந்தாள். டாக்டர் போடும் மாவுக்கட்டு வேறு. அது மெல்லிய அடுக்கு, அடியில் பஞ்சு, தெரிந்த கை. குழந்தையின் கைத்தடம் வேண்டுமா? களிமண்ணில் கையைப் பதித்து எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டரை ஊற்றுங்கள்.

* பவுடரைக் கொட்டும்போதும், காய்ந்த தட்டை உப்புத்தாளால் தேய்க்கும்போதும் முகக் கவசம் அவசியம். ஃபேனை நிறுத்திவிடுங்கள். சிந்திய பவுடரைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அந்த நேரத்தில் பக்கத்து அறையில் இருக்கட்டும்.

* கண்ணில் பட்டால் கசக்காதீர்கள். குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

* வெறும் கையால் கலந்தால் தோல் வறண்டு வெடிக்கும். கையுறை போடுங்கள். வேலை முடிந்ததும் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

* கிண்ணத்தை வாஷ்பேசினில் கழுவாதீர்கள். குழாய்க்குள் போய்க் கல்லாகிவிடும். அப்புறம் பிளம்பருக்குத் தண்டம்! மிச்சம் கிண்ணத்திலேயே இறுகட்டும். வளைத்தால் ஓடாகக் கழன்று வரும். பேப்பரில் சுற்றிக் குப்பையில் போடலாம்.

* உடைந்த தட்டைக் கிணற்றிலோ குளத்திலோ போட வேண்டாம். நீர்நிலை கெடும் என்பதால்தான், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகள் வேண்டாம், களிமண்ணில் செய்யுங்கள் என்று மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் வழிமுறை வெளியிட்டது.

* சுவரில் தூசி படிந்தால் உலர்ந்த பிரஷ் போதும். ஈரத் துணி கூடாது.

இரட்டைப் பின்னல்

உடைந்த தட்டைப் பார்த்த அன்று, “இனிமே வேண்டாம்மா. என்னாலே குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா...?” என்று அத்தை களிமண் வாளியை மூடிவிட்டார். பழையபடி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். எனக்குத் தட்டு உடைந்ததைவிட அதுதான் கவலையாக இருந்தது.

“அத்தை, களிமண் வேலை உங்களது. அதுல ஒரு குறையும் இல்லே. கொக்கி மாட்டினது நான். தப்பு என்னோடது. இந்தத் தடவை ஒழுங்கா மாட்டறேன்” என்றேன். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் காலையில் வாளி திறந்திருந்தது!

இப்போது எங்கள் ஹாலில் ஐந்து தட்டுகள். வெற்றிலை, பூவரசு, அரசு, பூசணி. ஐந்தாவது, பேத்தியின் கைத்தடம். எதுவும் கோணவில்லை. எதுவும் கட்டிலுக்கு மேலே இல்லை.

அத்தையின் மணிக்கட்டு முன்னைப் போல முழுதாக மடங்குகிறதா என்றால்... இல்லை. அந்த வயதில் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் விரல்கள் மூடுகின்றன. தோசைத் திருப்பி நழுவுவதில்லை. போன மாதம் ஒரு காலையில், “வாடி இங்கே” என்று பேத்தியைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தார். கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு பின்னல் உயரமாகவும் இன்னொன்று தாழ்வாகவும் வந்தது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஏதாவது சொல்லிவிடப் போகிறாளே என்று பயந்தேன்.

“சூப்பர் பாட்டி!” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

சுவரில் மாட்டுகிற தட்டு கோணக் கூடாதுதான். பின்னல் கொஞ்சம் கோணினால் என்ன!

உங்கள் வீட்டிலும், ‘இனி என்னால் என்ன முடியும்’ என்று ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் இருக்கிறாரா? அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நாளைக்கே ஓர் உருண்டைக் களிமண்ணை அவர் மடியில் வைத்துப் பாருங்களேன்!